அடைத்த கதவுக்குள் ஒரு பிரசங்கம்

காலை எட்டு நாற்பத்தேழு. பிரசங்க பீடத்தின் படிகளில் ஏறி, நான்கு தாள்களையும் விரித்து வைத்து நிமிர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு நீலப் பிளாஸ்டிக் பக்கெட். கோயிலின் முன்கதவு அடைத்திருந்தது. கதவின் மேல்பாதி கண்ணாடி. அதற்கு வெளியே, வராந்தாவின் கைப்பிடிச் சுவர் மேல் பக்கெட் இருந்தது. அதற்குள் சுருட்டிய பாய், ஃபிளாஸ்க், தலையணையின் ஒரு முனை. திருவனந்தபுரத்தில் இப்படி ஒரு பக்கெட்டைப் பார்த்தால் விளக்கம் தேவையில்லை. யாரோ ஆஸ்பத்திரியில் படுக்கப் போகிறார்கள்.

பக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் நரைத்த பின்னந்தலை தெரிந்தது. உள்ளே பெஞ்சுகளில் இருந்த எல்லோரும் கதவுக்கு முதுகு காட்டி என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கெட்டைப் பார்க்க முடிந்தது எனக்கு மட்டும்.

அந்தப் பெண் பொன்முடியில் தேயிலை பறிக்கிறவர். அங்கே தோட்டத்து லைன் வீடுகளுக்கு நடுவே எங்கள் சபைக்கு ஒரு சின்ன ஜெபவீடு இருந்தது. போன மழையில் அதன் கூரை போய்விட்டது. புதுக்கூரை போடுவதைப் பற்றிக் கமிட்டி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. அதுவரை, மாதத்தின் முதல் ஞாயிறன்று, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற ராப்போஜன ஆராதனைக்கு அங்கிருந்து நாலைந்து பெண்கள் மலையிறங்கி நகரத்துக் கோயிலுக்கு வருகிறார்கள். நெடுமங்காட்டில் பஸ் மாறி, கிழக்கேகோட்டையில் இறங்கி, அங்கிருந்து நடை.

வியாழக்கிழமை அவர் என்னை போனில் கூப்பிட்டார். லைன் வீடுகளில் சிக்னல் கிடைக்காது. சிக்னல் உள்ள மேட்டுக்கு ஏறி வந்திருந்ததால் மூச்சு வாங்கியது.

“ஐயா, வயித்துல இருக்க கட்டிய எடுக்கணும்னு சொல்லிட்டாவ. ஞாயித்துக்கிழம சாயங்காலம் வந்து சேரச் சொல்லிருக்காவ. காலையில கோயிலுக்கு வந்துட்டு அப்படியே போயிருவேன். ராப்போஜனம் வாங்கிட்டுத்தான் போவணும்.”

“பஸ் எப்படியும் பிந்துமே. நான் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து தரட்டுமா?”

“வேண்டாம் ஐயா. படுத்துக்கிட்டு வாங்குதது சாவப்போறவங்களுக்கு. நான் நடந்து வந்து முட்டி போட்டு வாங்கணும். அதுக்குப் பெறவு கத்தி வைக்கட்டும்.”

சரி என்று சொன்னேன். அதைச் சொல்லும்போதே எனக்கு அந்தக் கதவின் நினைவு வந்தது.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ராப்போஜன ஞாயிறன்று ஆராதனை எட்டு மணிக்குத் தொடங்கும். தொடக்கத்திலேயே எல்லோரும் முழங்கால்படியிட்டு பாவ அறிக்கை சொல்வார்கள். அது முடிந்ததும், கோயில் வேலைகளைப் பார்க்கிற கப்யார் முன்கதவை அடைத்துவிடுவார். பாவ அறிக்கை செய்யாதவர் ராப்போஜனப் பந்திக்கு வரக்கூடாது என்பது அதன் காரணம். பிந்தி வந்தவர்கள் வராந்தாவில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்கலாம். இந்த ஒழுங்கு எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. தெரியாததாலேயே அது அசைக்க முடியாததாக இருந்தது.

சனிக்கிழமை காலை கமிட்டிச் செயலாளரைப் பார்க்கப் போனேன். அரசு அலுவலகத்தில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். சபைக்காக ஓடியாடி உழைக்கிறவர், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

“அது சரியாவாது பாஸ்டரே” என்றார். “ரூல் எல்லாருக்கும் ஒண்ணல்லோ. ஒருத்தருக்குத் திறந்தா நாளைக்கு எல்லாரும் ஒன்பது மணிக்கு வருவாங்க கேட்டோ.”

“அவங்க வேணும்னு பிந்தல. முதல் பஸ்ஸே அவ்வளவு நேரத்துக்குத்தான் வருது.”

“பின்னே முந்தின நாளே வந்து எங்கயாவது தங்கக்கூடாதா?”

“எங்கே?”

காப்பி வந்தது. “நாளைக்கு மெசேஜ் என்ன?” என்று கேட்டார்.

நாளைய பாடம் நான் தேர்ந்தெடுத்ததல்ல. அந்த ஞாயிறுக்கென்று திருச்சபை நியமித்திருந்தது. திராட்சைத் தோட்டத்துக்குக் கூலியாட்களைக் கூப்பிட்ட எஜமானின் கதை. அதிகாலையில் சிலரைக் கூப்பிடுகிறார், பிறகு மத்தியானம் சிலரை, கடைசியில் பொழுது சாயும் நேரத்தில், ஐந்து மணிக்கு, யாரும் கூப்பிடாமல் சந்தையில் நின்றிருந்தவர்களை. சம்பளம் எல்லோருக்கும் ஒன்றுபோலக் கொடுக்கிறார். காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

“ஓ, அதா. நல்ல பாடம்” என்றார் செயலாளர்.

நான் போதகராவதற்கு முன் பல வருடம் பத்திரிகை அலுவலகத்தில் செய்தி திருத்தும் மேசையில் இருந்தேன். அந்தப் பழக்கத்தில்தான் இன்றும் பிரசங்கம் எழுதுகிறேன். என்ன நடந்தது என்பது முதல் இரண்டு வரியில் வந்துவிட வேண்டும். சரிபார்க்காத எதுவும் போகக்கூடாது. ஒரு பெயரடையை எடுத்த பின்னும் வாக்கியம் நிற்குமானால் அந்தப் பெயரடை தேவையில்லை. இதனால் சபையில் எனக்குப் பெரிய மதிப்பு கிடையாது. ‘எளிமையா இருக்கு, ஆனா ஆழம் இல்ல’ என்பார்கள். ஆழம் என்று அவர்கள் சொல்வது இதை: மூன்று தலைப்பு, மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும். நடுவில் ஒரு கிரேக்கச் சொல். முடிக்கும்போது குரல் உயர்ந்து, கைக்குட்டை வெளியே வர வேண்டும்.

போதகர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலமானால் அதில் தயார் பிரசங்கங்கள் வந்து விழும். ஆரம்பக் கதை, நடுக்கதை, ஜெபம் எல்லாம் சேர்த்து. அதில் ஒரு கழுகு அடிக்கடி வரும். நாற்பது வயதானதும் மலையுச்சிக்குப் போய், பாறையில் மோதித் தன் அலகை உடைத்துக்கொண்டு, புது அலகு முளைக்கும்வரை காத்திருக்கும் கழுகு. இந்த நகரத்தில் அந்தக் கழுகைப் பற்றிக் கேட்காத கிறிஸ்தவர் இருக்க மாட்டார். நான் பறவைகளைப் படித்த ஒருவரைக் கேட்டேன். அலகை உடைத்துக்கொண்ட கழுகு பட்டினியால் செத்துப்போகும், அவ்வளவுதான் என்றார். அதைக் குழுவில் எழுதினேன். “ஜனங்களுக்குப் பிடிக்குது பிரதர்” என்று ஒருவர் பதில் போட்டார். இன்னொருவர் கைகூப்பும் படம் போட்டார். அடுத்த சனிக்கிழமை கழுகு மறுபடியும் வந்தது.

பத்திரிகையில் இப்படி ஒரு பொய்ச் செய்தி போயிருந்தால் மறுநாள் திருத்தம் போட்டிருப்போம். பிரசங்க பீடத்துக்குத் திருத்தம் கிடையாது. கேட்கிறவர்கள் எழுந்து கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் அங்கே எதையும் சொல்லலாம் என்றாகிவிட்டது.

அந்தப் பாடத்துக்காக நான் புத்தகங்களைப் புரட்டவில்லை. அதற்கு முந்தின மாதம் பொன்முடிக்குப் போயிருந்தபோது விடிகாலையில் பெரட்டுக்குப் போய் நின்றேன். தோட்டத்தில் காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடத்தைப் பெரட்டு என்கிறார்கள். தகரக் கொட்டகை, ஒரு மேசை, ஒரு சூப்பர்வைசர். பனியில் எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. பேர் கூப்பிட்டு முடிந்த பின் ஒருத்தி ஓடி வந்தாள். சூப்பர்வைசர் திட்டினார், அவள் பேரை எழுதிக்கொண்டார். தோட்டத்துக்குள் ஆட்களைக் கூப்பிடுவது என்றால் என்னவென்று அங்கேதான் பார்த்தேன். பிரசங்கத்தின் முதல் பக்கத்தில் அந்தக் கொட்டகையை வைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்ரீவராகத்தில் இருக்கிற எங்கள் வீட்டில், மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் பயறு ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் கேட்பாள். அதுவே நல்லது.

“ரெண்டாவது பக்கத்துல உங்களையே மெச்சிக்கிறீங்க” என்றாள்.

“எங்கே?”

“பனியில போய் நின்னேன், குளிருல நின்னேன்னு. அவங்க தினமும் நிக்கிறாங்க.”

வெட்டினேன்.

“கடைசியில ‘ஆகையால் அன்பானவர்களே’ன்னு ஒரு பத்தி வருதே, அது எதுக்கு? கதை முடிஞ்சுருச்சில்ல?”

அதையும் வெட்டினேன். நான்கு பக்கம் மிஞ்சியது. எனக்கு அது பிடித்திருந்தது.

“அந்தம்மாவுக்குக் கதவு திறப்பாங்களா?” என்று கேட்டாள்.

“மாட்டாங்க போலிருக்கு.”

அவள் பயற்றை முறத்தில் ஒதுக்கினாள். “அப்ப இத யாருக்குச் சொல்லப் போறீங்க?”

ஞாயிறு காலை மழை. எட்டு மணிக்குத் தொடங்கினோம். பாவ அறிக்கை முடிந்தது, கதவை அடைக்கும் சத்தம் கேட்டது. முதல் பாடம் வாசிக்கிற நேரத்தில் நகரத்து டாக்டர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். முன்கதவு வழியாக அல்ல. நாங்கள் அங்கி மாற்றும் பக்கவாட்டு அறையின் கதவு வழியாக, பீடத்துக்கு அருகிலேயே நுழைந்து, இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தார்கள். செயலாளர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். அந்த வழி எல்லோருக்கும் தெரியும். கார் நிறுத்துகிற இடத்திலிருந்து அதுதான் பக்கம். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அது தெரியாது, தெரிந்தாலும் அந்த வழியே வர மாட்டார்கள்.

அதன் பிறகுதான் நான் பீடத்தில் ஏறி, பக்கெட்டைப் பார்த்தேன்.

முதல் வரியைப் படித்தேன். “ஐந்து மணிக்கு வந்தவனிடம் ஏன் பிந்தினாய் என்று எஜமான் கேட்கவில்லை.” நல்ல வரி என்று நினைத்துத்தான் எழுதியிருந்தேன். பெஞ்சுகளில் தலைகள் அசைந்தன. பெரட்டைச் சொன்னேன், தகரக் கொட்டகையைச் சொன்னேன், ஓடி வந்தவளைச் சொன்னேன். செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு “ஆமென்” என்றார். டாக்டரின் மனைவி கைப்பேசியில் என்னைப் படம் எடுத்தார். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. அது பிடித்திருந்த விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கூலியாட்களின் கதையை இவ்வளவு இதமாகக் கேட்க முடிகிறவர்களுக்கும், அந்தக் கூலியாட்களில் ஒருத்தி பக்கெட்டோடு நனைந்துகொண்டிருந்த வராந்தாவுக்கும் நடுவே இருந்தது ஒரு கண்ணாடிக் கதவு. அதை அடைத்துவிட்டுத்தான் கதை கேட்கிறார்கள். நான் இன்னும் தெளிவாகச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகத் தலையசைத்திருப்பார்கள்.

இரண்டாவது பக்கத்தின் நடுவில் நிறுத்தினேன். தாள்களை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். கீபோர்டு வாசிக்கிறவர் பிரசங்கம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டைத் தொடங்கினார். கையைக் காட்டியதும் நிறுத்தினார்.

“கதவைத் திறங்க” என்று கப்யாரிடம் சொன்னேன். அவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பாதி எழுந்து, “பாஸ்டரே, பாவ அறிக்கை கழிஞ்சு போச்சல்லோ” என்றார்.

“மறுபடியும் சொல்லுவோம்” என்றேன். “எல்லாரும் முழங்கால்படியிடுங்க.”

கதவு திறந்தது. மழைச் சத்தம் உள்ளே வந்தது. நான்கு பெண்கள் முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டு வந்து கடைசி பெஞ்சருகே முழங்கால்படியிட்டார்கள். பக்கெட்டை வாசலுக்கு உள்ளே வைத்தார்கள்.

பாவ அறிக்கையை நான் தொடங்கினேன். எங்கள் சபையில் அதைப் புத்தகம் பார்த்துச் சொல்கிறவர் ஒருவரும் இல்லை. சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். அன்றைக்கு அது வழக்கமான இடத்தில் வராததால் இரண்டாவது வரியிலேயே பலருக்குத் தடுமாறியது. பக்கத்தைத் தேடினார்கள். இருமினார்கள். நடுவில் ஒரு வரியை நானும் பின்னாலிருந்த அந்த நான்கு பேரும் மட்டும் சொன்னோம்.

பந்திக்கு வருவதிலும் ஒரு வரிசை உண்டு. பாடகர் குழு, கமிட்டி, முன் பெஞ்சுகள், பிறகு மற்றவர்கள். அதை நான் மாற்றவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவிருந்த அவர் கடைசியில் வந்தார். நடந்து வந்தார். முழங்காலை ஊன்றக் கொஞ்சம் நேரமெடுத்தது. கூட வந்தவள் பிடிக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். நீட்டிய உள்ளங்கையில் விரல் வெடிப்புகளெல்லாம் தேயிலைக் கறை. அப்பத்தை வைத்தேன். கிண்ணத்தைக் கொடுத்தேன். தானாகவே எழுந்து போனார்.

ஆராதனை முடிந்து வராந்தாவில் நின்றிருந்தேன். மற்ற பெண்கள் செருப்பு தேடிக்கொண்டிருந்தார்கள்.

“வழியில மரம் விழுந்து கெடந்துது ஐயா” என்றார். “டிரைவரும் கண்டக்டரும் எறங்கி வெட்டினாவ. இல்லன்னா இன்னும் கொஞ்சம் முந்தியிருப்போம்.”

“பரவாயில்ல.”

“பெரட்டுக்குப் பிந்தினாக்கூட, மழன்னா சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் பாப்பாரு” என்றார். செயலாளர் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். அவருக்குக் கேட்கட்டும் என்று சொன்னாரா, தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை.

பிறகு என்னிடம், “ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பாதியில நிப்பாட்டிட்டீங்களே. அந்த அஞ்சு மணிக்காரனுக்குக் கூலி குடுத்தாரா இல்லையா?”

“குடுத்தார்.”

“முழுசா?”

“முழுசா.”

“அப்பச் சரி.” பக்கெட்டை எடுத்துக் கூட வந்தவளிடம் கொடுத்தார். நான் ஆட்டோ பிடித்து அனுப்பினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடியது. நான் எதிர்பார்த்தது கதவைப் பற்றிய வாக்குவாதம். கதவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆராதனை முறையை இடையில் மாற்ற போதகருக்கு அதிகாரம் உண்டா என்று ஒருவர் கேட்டார். மேலிடத்தில் விளக்கம் கேட்கலாம் என்று முடிவாயிற்று. ஆராதனையை நேரலையாகக் காட்டுகிற பொறுப்பு ஒரு வங்கி அதிகாரியுடையது. அவருடைய கவலை வேறு.

“பாஸ்டர், மெசேஜ் பாதியில நிக்குதல்லோ. யூடியூப்ல எப்படி இடுறது? மிச்சத்த ஒரு நாள் வந்து பேசித் தந்தா சேத்துக்கலாம்.”

“கேட்க வந்தவங்க கேட்டுட்டாங்க” என்றேன்.

“அது போதாது பாஸ்டர். துபாயில இருக்கவங்க எல்லாம் பாக்குறாங்க.”

நான் பேசித் தரவில்லை. அவர் தன்னால் முடிந்ததைச் செய்தார். முதல் வரியை மட்டும் வெட்டியெடுத்து, வயலின் சேர்த்து, பின்னால் ஒரு திராட்சைத் தோட்டத்தின் படத்தைப் போட்டு அனுப்பினார். புதன்கிழமைக்குள் அது எனக்கே பல பக்கங்களிலிருந்து திரும்பி வந்தது. ‘ஐந்து மணிக்கு வந்தவனிடம் ஏன் பிந்தினாய் என்று எஜமான் கேட்கவில்லை.’ கீழே இதயங்கள், கைகூப்பும் கைகள். செயலாளரும் அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். போதகர்களின் குழுவில் ஒருவர், “சூப்பர் ஸ்டார்ட்டிங் பிரதர், முழு நோட்ஸ் கிடைக்குமா?” என்று கேட்டார். இனி அந்த வரியும் கழுகோடு சேர்ந்து சனிக்கிழமைதோறும் ஊரைச் சுற்றும் என்று நினைத்துக்கொண்டேன். கழுகு பொய். இது பொய்யில்லை. ஆனால் அப்படிச் சுற்றுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை.

தெளிவாகச் சொன்னால் புரியும், புரிந்தால் செய்வார்கள் என்ற எண்ணத்தில்தான் செய்தி மேசையை விட்டு இந்த வேலைக்கு வந்தேன். முதல் பாதி சரிதான். புரிந்துகொள்கிறார்கள். ஒரு வார்த்தை தவறாமல் புரிந்துகொள்கிறார்கள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறுவை சிகிச்சை முடிந்து பொதுவார்டில் இருந்தார். நீல பக்கெட் கட்டிலுக்கு அடியில் இருந்தது. பேச அலுப்பாக இருந்தது போலும், கையை மட்டும் அசைத்தார். கூட இருந்தவள்தான் பேசினாள். கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை மறுபடியும் காட்ட வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள்.

அவர் அப்போது கண்ணைத் திறந்து, “ஞாயித்துக்கிழமயே வந்துருவேன் ஐயா” என்றார். “கோயிலுக்கு வந்துட்டு, இங்க பக்கத்துல தங்கிட்டு, திங்கக்கிழம காட்டிட்டுப் போறேன்.”

நேற்று கோயில் அறிவிப்புப் பலகையில் கமிட்டியின் தீர்மானம் ஒட்டப்பட்டது. வெயில் காலத்தை முன்னிட்டு, அடுத்த மாதம் முதல் ராப்போஜன ஆராதனை எட்டுக்குப் பதில் ஏழரை மணிக்குத் தொடங்கும். பொன்முடியிலிருந்து இறங்கும் முதல் பஸ் பழைய நேரத்துக்குத்தான் புறப்படுகிறது.